மேசை மேல் ஒரு குண்டு

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். ஞானம்மா தரவேண்டிய பாக்கி என்று காண்ட்ராக்டர் வசந்தகுமாரின் நோட்டில் இருந்த தொகை அது.

கடன் அவள் வாங்கியதல்ல. போன வருஷம் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலை வெடித்தது. அவள் புருஷன் ஜெயராஜ் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வெந்து கிடந்து செத்துப்போனான். அந்த ஒன்பது நாள் பில்லைத்தான் வசந்தகுமார் அவள் பேரில் எழுதிவைத்தான்.

அது தீரும்வரை வேறு கம்பெனிக்குப் போகக் கூடாது. புருஷனைத் தின்ற உலைக்கே தினமும் பழைய இரும்பைப் பொறுக்கிப் போடவேண்டும். கூலியில் மாதம் ஆயிரம் பிடித்தும், வட்டி என்று ஒன்று வந்து சேர, தொகை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இரும்பு கப்பலில் வரும். எங்கெங்கோ நடந்த சண்டைகளில் நொறுங்கியதெல்லாம் கண்டெய்னரில் வந்து கொட்டும்.

யாரோ ரெண்டு பெரிய மனுஷர்களுக்குள் ஆகவில்லை. பிறகு அவர்களே கைகுலுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே வெடிக்காமல் போன குண்டு கடல் தாண்டி வந்து, உலைக்குள் வெடித்து, ஆரம்பாக்கத்து ஜெயராஜைக் கொன்றது.

நேற்று கொட்டிய லோடிலும் ஒன்று இருந்தது. முழங்கை நீளம். துரு ஏறி, வாயில் மண் அடைத்துக் கிடந்தது.

இன்று காலை அதைப் பார்த்து செல்வி போட்ட கூச்சலில் பொறுக்கும் பெண்களெல்லாம் சிதறி ஓடினார்கள்.

வசந்தகுமார் வந்தான். இருபதடி தள்ளியே நின்றான். நான் தளபதி, நீங்கள் என் பட்டாளம் என்று தினமும் எட்டு மணிக்கு எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துச் சொல்கிறவன்.

"காலி டப்பாம்மா அது. இதுக்கா இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? தூக்கி உலையில போடு."

ஜெயராஜிடமும் அன்றைக்கு இதையேதான் சொன்னான்.

சொல்லிவிட்டு ஏ.சி. ரூமுக்குப் போய் டீயைக் கையில் எடுத்தான்.

ஞானம்மா குனிந்து குண்டைத் தூக்கினாள். தண்ணீர்க் குடம்போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். உலைப்பக்கம் திரும்பவில்லை.

ஏ.சி. ரூமுக்குள் நுழைந்து, குதிகாலால் கதவைச் சாத்தி, அவன் மேசை மேல் அதை வைத்தாள்.

டீ சட்டையெல்லாம் கொட்டியது. நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, தளபதி ஒரு பக்கம் போனான்.

"காலின்னு நீதான சார் சொன்ன? இன்னாத்துக்கு செவுத்துல ஒட்டிக்கினு நிக்கிற? வா, உக்காரு. என் கணக்க எடு."

இத்தனை நாளில் அவனை அவள் 'நீ' என்றது அதுதான் முதல்முறை.

"வெளிய வச்சிட்டு வாம்மா... எதுன்னாலும் பேசிக்கலாம்."

அவள் ஒற்றை விரலால் குண்டை லேசாகத் தள்ளினாள். அது அரைச்சுற்று உருண்டு, மேசையின் ஓரத்தில் நின்றது.

நோட்டு வந்தது. ரெண்டு தரம் அடித்து எழுதினான். பாக்கி இல்லை. கையெழுத்து, சீல்.

ஞானம்மா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். தேதி போடச் சொன்னாள். போட்டான். அந்தப் பக்கத்தைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, குண்டை மறுபடி இடுப்பில் ஏற்றினாள்.

வெளியே பட்டாளம் மொத்தமும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. செல்வி மட்டும், "யக்கா, அத்த வச்சிட்டு ஓடியாக்கா!" என்று அழுதுகொண்டிருந்தாள்.

ஞானம்மா இரும்புக் குவியலுக்குப் பின்னால் போனாள். குண்டின் வாய்க்குள் விரலை விட்டு மண்ணைத் தோண்டினாள்.

விடிகாலையில், சைரன் ஊதுவதற்கு முன்னால், கம்பியை அடிவரைக்கும் விட்டுக் குடைந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, அவளே குழைத்து அடைத்து, மேலே துருப்பொடி தூவிய மண்.

இன்னும் ஈரம் காயவில்லை.