வாசலில் முழுக் கல்

நிலவறையின் ஒற்றை பல்புக்குக் கீழே, புதுக் குளியலறையின் கான்கிரீட் தரையில் அவன் மண்டியிட்டிருக்கிறான். தரையில் ஈரம் ஊறுகிறதா என்று பார்க்க நேற்று நாலு ஓரமும் டேப் ஒட்டி விரித்த பிளாஸ்டிக் தாளை மூலையிலிருந்து உரிக்கிறான். டேப் சரசரவென்று பிரிகிறது. அடியில் பொட்டு ஈரம்கூட இல்லை. "கீழேயிருந்து ஈரம் ஏறல தம்பி. எதை வேணும்னாலும் ஒட்டலாம்" என்கிறார் டைல்ஸ்காரர். வாசலை மறித்து நிற்கும் அக்கா, டைல்ஸுக்குப் பதிலாகத் தரையில் ஒட்டத் தான் வாங்கிவந்த சாம்பல் நிற வினைல் விரிப்புச் சுருளைக் கைக்குழந்தைபோல் அணைத்திருக்கிறாள். ஈரத்தில் டைல்ஸ் நிற்காது என்று அவள் சொல்லிவந்த சாக்கு போனதும் உண்மை வெளியே வருகிறது. "உன் பொண்டாட்டி எடுத்த மஞ்சள் டைல்ஸ் வேணாம்டா. காலையில குளிக்க வந்தாலே அவ ஞாபகம்தான் வரும்." "வரட்டும்." "பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க?" "படட்டும்க்கா. கால் என்னோடதுதானே?" டைல்ஸ்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொள்கிறார். மனைவி இறந்த நாளிலிருந்து யாரும் தொடாத டைல்ஸ் பெட்டியை அவன் கிழிக்கிறான். பல்பு வெளிச்சத்தில் டைல்ஸின் மஞ்சள் நிறம், சுண்ணாம்புத் தூசி படிந்த அவன் முழங்கை வரை ஏறி மின்னுகிறது. டைல்ஸ்காரர் தரையை அளக்கிறார். "அளவு இடிக்குது, ஒரு ஓரத்துல முழுக் கல் வராது. வெட்டுத் துண்டை வாசல்ல போட்டுடட்டுமா? கதவு மறைச்சிடும்." "வேணாம். வாசல்ல முழுசா வரணும். வெட்டினது மூலைக்குப் போகட்டும்." முதல் கல்லைத் தூக்கிப்போய் அக்காவின் கால்விரல்களை ஒட்டித் தரையில் வைக்கிறான். அவள் நகரவில்லை. அவனும் கையை எடுக்கவில்லை. பல்பு லேசாக ஆடுகிறது. கடைசியில் வினைல் சுருள்தான் ஒரு அடி பின்னால் போகிறது. கல் வாசலில் பொருந்தி உட்காருகிறது.