முதலில் தொட்ட கை

மகளின் வலது கைதான் முதலில் மண்ணைத் தொட்டது.

அவர் பார்த்துவிட்டார்.

சுமோவில் உள்ளங்காலைத் தவிர வேறெது முதலில் தரையில் பட்டாலும் தோல்வி. மகள் இந்த விளையாட்டில் சேர்ந்தபோது அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே விதி அது.

எதிராளியான மங்கோலியப் பெண் அடியில் கிடந்தாள். மகள் பவதாரணி மேலே. ஜெயித்து முடித்த பிடி.

பிறகு எதற்குக் கை?

அரங்கம் எழுந்து கத்தியது. அத்தனை நாட்டுக் கொடிகளுக்கும் கீழே அவர் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

காலையிலிருந்தே சந்தேகம்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் மகள் அந்தப் பெண்ணின் தட்டில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாத இருவருக்குள் அப்படி என்ன சிரிப்பு?

"எதிராளிகூட என்ன கொஞ்சல், அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. போன வருசம் அவளுக்குக் கழுத்துல அடிபட்டுச்சாம். பாவம்."

"பாவம் பாக்கறவ எதுக்கு வட்டத்துக்குள்ள எறங்கறே?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

அது அவருக்குத் தெரிந்த மௌனம்.

பல வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி துரைசாமியும் அப்படித்தான் நின்றான். திருவிழா மல்யுத்தத்தில் எதிராளியைத் தலைக்கு மேலே தூக்கியவன், எறியவில்லை. மெல்ல இறக்கிவிட்டான். அடுத்த பிடியில் அவனே மல்லாந்து கிடந்தான்.

விலைபோய்விட்டான் என்றது ஊர். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவன் வாய் திறக்கவில்லை. அவர் கேட்கவே இல்லை. தம்பி முகத்தில் கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து அவர்கள் 'படுத்த வீட்டுக்காரர்கள்'. கல்யாணப் பந்தியில்கூட அந்தப் பெயர் காதில் விழும்.

அதைக் கழுவ வந்தவள் பவதாரணி என்று நம்பினார். பொம்பளப் புள்ளைக்கு இடுப்பில் கச்சையா என்று கேட்ட பங்காளிகளை முறைத்தே அடக்கினார்.

நடுவர்கள் மேடை நடுவில் கூடிப் பேசினார்கள்.

பேச என்ன இருக்கிறது?

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மேடைக்கு முதுகைக் காட்டிப் படியேறினார். முதுகு வளையவில்லை.

அணியின் மேலாளர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எங்கீங்க போறீங்க? நம்ம புள்ள ஜெயிச்சிருச்சு."

"கை பட்டுச்சு. நான் பாத்தேன்."

"பட்டுச்சுங்க. படலீன்னா அந்தப் புள்ள கழுத்து ஒடிஞ்சிருக்கும். தோத்து விழறவளக் காப்பாத்த ஊனுன கை கணக்குல வராதுங்க. அதுக்குன்னே விதி வெச்சிருக்காங்க."

அவர் திரும்பினார்.

மங்கோலியப் பெண் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். பவதாரணி குந்தியிருந்தாள். வெற்றியை அங்கே அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், சிரிக்கக் கூடாது. மண் ஒட்டிய கை தொடைமேல் இருந்தது.

கண்கள் மட்டும் மேலே வந்தன. அவருடைய காலி நாற்காலியைப் பார்த்தன. பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, வாசலருகே அவரைக் கண்டன.

அங்கேயே நின்றன.

"கையக் காட்டுங்க, புள்ள பாக்குதுல்ல" என்றார் மேலாளர்.

கை எழவில்லை.

துரைசாமி அன்றைக்கு இறக்கிவிட்டானே, அந்த ஆளுக்கு எங்கே அடிபட்டிருந்தது?

தெரியாது.

தம்பி இன்னும் ஊரில் அடுத்த தெருவில்தான் இருக்கிறான்.