பெட்டிக்குள் ஒளிர்ந்தது

"திறடா. ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேன்."

"ஐயோ அக்கா! மூடி திறந்தா வெளிச்சம் புகுந்துடும். பட்ட பாடெல்லாம் போச்சு!"

விஞ்ஞானித் தம்பி, கோட்டையைக் காக்கும் தளபதி மாதிரி கறுப்புப் பெட்டிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான். அவனுடைய ஆய்வு அறையில் பல் தெரியச் சிரிக்கக்கூட அனுமதி கிடையாது. பல்லின் வெளுப்பு ஒளி அளவீட்டைக் கெடுத்துவிடுமாம்!

பெட்டிக்குள் ஈரத்தாளில் ஊதாப்பூ விதைகள் இருந்தன. அவர்களுடைய அப்பா பல காலம் பாடுபட்டு உண்டாக்கிய புது நிறம் அது. அப்பா போய்விட்டார். வெள்ளத்தில் செடிகளும் போய்விட்டன. உலகத்திலேயே மிச்சம் அந்த ஒரு கைப்பிடிதான்.

முளைக்கிற விதை ஒளி விடும். கண்ணுக்குத் தெரியாத ஒளி; அதைத்தான் தம்பியின் கருவி அளந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நிறுத்தினால் மின்மினிப்பூச்சி கலங்கரை விளக்கம்!

"பாதியையாவது எனக்கு விட்டுடுன்னு கெஞ்சினேனேடா."

"பாதி போட்டா கருவிக்கு எட்டாதுக்கா. அவ்வளவு மெல்லிசு வெளிச்சம்."

"பாத்தி வெட்டி வச்சுட்டுக் காத்துக்கிடக்கேன். மண்ணுல போட்டிருந்தா இந்நேரம் இலை விட்டிருக்கும்."

"இங்க மட்டும் என்ன குறைச்சல்? திரையைப் பாரு!"

கருவியின் திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நேத்தைவிட இன்னிக்கு அதிகம். அப்பாவோட பூ உள்ள கொட்டம் அடிக்குது!"

அக்கா அந்தக் கோட்டையே பார்த்தாள். கண் தளும்பியது.

"அப்பாவே உள்ள உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்குடா. உன்னை என்னென்னமோ திட்டிட்டேன்."

தம்பி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் இல்லாமல் இந்த அறையிலேயே கிடந்தவன் அவன்.

"போதும்க்கா, அளந்தாச்சு. நீயே கொண்டுபோய் நடு."

கருவியை அணைத்தான். விதைகளை வைத்து மூடிய பிறகு முதல்முறையாக மூடியைத் தூக்கினான். இருவரும் குனிந்தார்கள்.

முளை இல்லை. வேர் இல்லை. விதைகள் கூழாகிக் கிடந்தன.

அக்கா கூழை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ... இத்தனை நாளா ஏறின வெளிச்சம்?"

"உயிர் உள்ள எதுவும் ஒளி விடும்க்கா" என்று முனகிய தம்பி, அப்பாவின் விதைகளைத் தின்று பஞ்சுப் பொதியாய்க் கொழுத்திருந்த பூஞ்சையைக் காட்டினான்.