குறை ஏதாவது உண்டா?

"எழுந்திருச்சுட்டான்யா ஜால்ரா!"

வரிசையில் உட்கார்ந்திருந்த கைதிகள் பல்லைக் கடித்தார்கள். அவர்களில் ஒருவரான தையல்காரருக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

மனித உரிமை தினம். சிறை முற்றத்தில் மேடை, மைக், பூச்செண்டு. கைதிகள் எல்லோருக்கும் துவைத்த சட்டை. மேடையில் நீதிபதி அம்மா. பக்கத்தில் சிறை சூப்பிரண்டு, முகமெல்லாம் பல்லாக.

எல்லோரும் உரிமையைப் பற்றி ஆசை தீரப் பேசி முடித்தார்கள். கடைசியில் நீதிபதி அம்மா மைக்கைப் பிடித்து, "உங்களுக்கு இங்கே குறை ஏதாவது உண்டா? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

பயப்படாமலாம்! போன வருஷம் இதே நாளில் ஒருவன் எழுந்து, சாப்பாட்டில் புழு கிடக்கிறது என்று சொன்னான். விருந்தாளிகளின் கார் வெளியே போகும்வரைதான் பொறுத்தார்கள். இன்றைக்கும் அவனால் விரல்களை மடக்க முடியாது.

தையல்காரர் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு ஒரே அறையில் இருந்த பெயின்டரை நேற்று தலைமை வார்டர் அடித்துத் துவைத்துவிட்டார். "எனக்கு இன்னும் தீர்ப்பே வரலை, நாயேன்னு கூப்பிடாதீங்க" என்றானாம். அதுதான் குற்றம். நோயாளி அறையில் போட்டு வெளியே பூட்டிவிட்டார்கள். டாக்டர் யாரும் வரவில்லை. காலையில் ஜன்னல் வழியாக முனகல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஆனால் அடுத்த வாரம் தையல்காரருக்குப் பரோல். மகள் முகத்தைப் பார்த்து நான்கு வருஷமாகிறது. வாயைத் திறந்தால் பரோல் போச்சு. எழுந்திரு எழுந்திரு என்று மனசு அடித்துக்கொண்டது, கால் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜால்ரா எழுந்தான். சமையலறையில் சொகுசான வேலை அவனுக்கு. அதுவும் காக்காய் பிடித்து வாங்கியது. சூப்பிரண்டு தும்மினால்கூட 'ஆஹா' என்று தலையாட்டுகிற ஆள்.

"குறையா? எங்க சூப்பிரண்டு ஐயா இருக்கும்போது என்னம்மா குறை? அவர் எங்களுக்கு அப்பா மாதிரி!"

சூப்பிரண்டு கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கே ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். இவன் அப்பாங்கறான். இவனெல்லாம் மனுஷனா?" தையல்காரர் முணுமுணுத்தார்.

"அதிலும் எங்க நோயாளி அறை இருக்கே, பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் தோத்துடும்மா! புது மெத்தை, ஃபேன், வேளை தவறாம மருந்து. எங்க வீட்டுலகூட எங்களை இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க."

நீதிபதி அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா? நீங்க சொல்லவே இல்லையே, சார்!"

"அது... பெரிசா ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்றார் சூப்பிரண்டு.

"பார்த்தீங்களாம்மா, ஐயாவுக்குத் தற்பெருமையே கிடையாது! நீங்க ஒரு எட்டு வந்து பார்த்துட்டுத்தான் போகணும். பத்திரிகைக்காரங்களும் வந்து போட்டோ எடுக்கணும். மத்த ஜெயில்காரங்க பார்த்துக் கத்துக்கட்டும்."

"உள்ளே வெள்ளையடிக்கிறாங்க மேடம். இன்னொரு நாள்..."

"பரவாயில்லை, எட்டிப் பார்த்துட்டுக் கிளம்பறேன்."

நீதிபதி அம்மா மேடையை விட்டு இறங்கிவிட்டார். கேமராக்கள் பின்னாலேயே ஓடின. சூப்பிரண்டின் முகத்தில் ஈயாடவில்லை.

சாவியைக் காணோம் என்றார்கள். நீதிபதி அம்மா அந்தக் கதவு முன்னாலேயே நின்றார். வேறு வழியில்லாமல் சாவி கிடைத்தது.

கதவு திறந்ததும் யாரோ "ஐயோ!" என்று அலறியது முற்றம்வரை கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தபோது அது பெயின்டர்தான் என்று தையல்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. உயிர் இருக்கிறது என்றார்கள். பிழைத்துக்கொள்வானா என்று அவர் கேட்டதற்கு, "வரிசையில உட்காருய்யா" என்று ஒரு வார்டர் அதட்டினார்.

ஆம்புலன்ஸ் போயிற்று. "விசாரணைக்கு ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டு நீதிபதி அம்மாவின் காரும் போயிற்று. கேட்டைச் சாத்தினார்கள்.

"முண்டம்! ஒழுங்காப் புகழக்கூடத் தெரியாத முண்டம்! என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியேடா!" சூப்பிரண்டு கத்தினார். வார்டர்கள் ஜால்ராவை முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"நல்லா வேணும்!" என்று வரிசையில் சிலர் சிரித்தார்கள். தையல்காரரும்தான் சிரித்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவனைக் கொண்டுவந்து தையல்காரரின் அறையில் தள்ளினார்கள். சமையலறை வேலை போயிருந்தது. முன்பல் இரண்டும் போயிருந்தது. ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவனைப் பார்க்கப் பார்க்க தையல்காரருக்கே மனசு கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் புகட்டினார்.

"ஏன்டா, ஐஸ் வைக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அந்த அறையில யார் கிடக்கான்னுகூட விசாரிக்காம எதையோ உளறி, இப்படி வாங்கிக் கட்டிக்கிட்டியே! ஏதோ உன் முட்டாள்தனத்துல அவன் ஆஸ்பத்திரிக்காவது போய்ச் சேர்ந்தான்."

ஜால்ரா ஒரு வாய் தண்ணீரைச் சிரமப்பட்டு விழுங்கினான்.

"விசாரிக்க என்னண்ணே இருக்கு? நேத்து அவனைத் தூக்கிட்டுப் போய் அங்கே போட்டதே நான்தானே."