பனி அள்ளும் மாப்பிள்ளை

"எம் பொண்ணு பனி அள்ள மாட்டா. அதுக்குச் சரின்னா மேக்கொண்டு பேசலாம்" என்றார் குருமூர்த்தி.

கலைச்செல்வன் கையில் இருந்த முந்திரிப் பக்கோடா வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பெண் பார்க்க வந்தவன், சம்பளத்தைக் கேட்பார்கள், குடிப் பழக்கத்தைக் கேட்பார்கள் என்று தயாராக வந்திருந்தான். பனியைக் கேட்பார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"யூடியூப்ல பாத்தேன் தம்பி. கனடாவுல வாசல்ல இடுப்பளவு கெடக்குது. பொம்பளைங்க மம்பட்டியும் கையுமா நிக்கிறாங்க. எம் பொண்ணு வூட்டுலேருந்தே காதுல மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்ல பேசிச் சம்பாதிக்கிறவ. சுண்ணாம்புக்கல் லாரி போற தூசியக்கூட நான் அவள அள்ள விட்டதில்ல. இதுக்காகவே ரெண்டு வெளிநாட்டு வரனத் திருப்பி அனுப்பிட்டேன்."

கலைச்செல்வனுக்கு லீவு முடிந்து கனடா திரும்பப் பதினோரு நாள்தான் பாக்கி. இதுவரை பார்த்த ஆறு இடமும் தட்டிப்போயிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த சிவரஞ்சனியைப் பார்த்த நிமிடமே, அந்த ஆறும் தட்டிப்போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இதை மட்டும் விடக் கூடாது.

"அந்தக் கவலையே வேணாம்ண்ணே" என்று அவன் அம்மா வளர்மதி முந்திக்கொண்டாள். "எம் மவன் விடியக்காலையில எந்திரிச்சு, வாசல்ல கெடக்குற பனியெல்லாம் அள்ளிப் போட்டுட்டுத்தான் பல்லே வெளக்குவான்."

பெரம்பலூர் வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மகனைப் பற்றித்தான் சொன்னாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

அம்மா போட்ட அஸ்திவாரத்தின்மேல் மகன் மூன்று மாடி எழுப்பினான்.

"ஆமாங்க மாமா. ஒரு வருஷம் கூரை வரைக்கும் ஏறிருச்சு. மாடி ஜன்னல் வழியா குதிச்சு, உள்ளயே சொரங்கம் வெட்டி, மதியத்துக்குள்ள தெருவையே தொறந்து விட்டுட்டேன். முனிசிபாலிட்டி மெஷின் வந்து பாத்துட்டு, வேலை இல்லன்னு திரும்பிப் போயிருச்சு."

"ஒத்த ஆளாவா?"

"ரெண்டு மம்பட்டி ஒடைஞ்சுதுங்க."

குருமூர்த்தி சிலிர்த்துப்போய் மாப்பிள்ளையின் தோள்பட்டையை அளந்தார். சிவரஞ்சனி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"பொண்ணும் புள்ளையும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமே" என்றாள் வளர்மதி.

மொட்டைமாடிக்குப் போனார்கள். கீழே ஒரு லாரி போய், எதிர்வீட்டு மாடி, முருங்கை மரம், கொடியில் காய்ந்த வேட்டி என்று எதையும் விட்டுவைக்காமல் வெள்ளைப் பவுடர் பூசிவிட்டுப் போனது.

"பனி நின்னதும் எத்தன மணி நேரத்துக்குள்ள அள்ளணுங்க?" என்று ஆரம்பித்தாள் சிவரஞ்சனி.

"அது அவங்கவங்க சௌகரியம்தாங்க."

"இருபத்துநாலு மணி நேரம்னு கேள்விப்பட்டேன்."

"அது... சோம்பேறிங்களுக்குப் போட்ட சட்டங்க. எனக்குத் தேவைப்பட்டதில்ல."

"அள்ளுனத எங்க கொட்டுவீங்க?"

"ரோட்டுலதான்."

"ரோட்டுல தள்ளுனா அபராதமாச்சே. நம்ம எல்லைக்குள்ளதான குவிக்கணும்?"

கலைச்செல்வனுக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. கனடாவில் மூன்று வருடமாக ஒருவரும் அவனை இப்படி விசாரித்ததில்லை.

"சரி, உப்பு எப்பப் போடுவீங்க?"

"கொழம்பு கொதிக்கறப்பங்களா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தாள். "வழுக்காம இருக்க வாசல்ல தூவுற உப்பக் கேட்டேன். கீழ போலாங்க."

படியிறங்கும்போது அவனுக்கு ஒவ்வொரு படியும் அரை மைல் இருந்தது. ஏழும் போச்சு. பதினோரு நாளில் எட்டாவதை எங்கே தேடுவது? தேடினாலும் அது சிவரஞ்சனியாக இருக்குமா?

கூடத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னம்மா சொல்ற?" என்றார் குருமூர்த்தி.

"சம்மதம்ப்பா."

குருமூர்த்தி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் வாட்ச் முழங்கைக்கு ஏறியது. "தெருவையே தொறந்துவிட்ட கை மாப்ள இது" என்றார். வளர்மதி, தானே அந்தச் சுரங்கத்தை வெட்டியவள்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும் நேரம். பெரியவர்கள் முன்னால் போய்க் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கலைச்செல்வன் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலில் பின்தங்கினான்.

"ஏங்க, நான் சொன்ன பதில் அத்தனையும் தப்பு. அப்புறம் எப்படிச் சம்மதம்னீங்க? நீங்க கேட்டதெல்லாம் யூடியூபா?"

"இல்லங்க, என் வேலையே அதுதான்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "கனடாவுல உங்க ஊரு முனிசிபாலிட்டிக்குப் பனிப் புகார் யாரு சொன்னாலும் இங்க போன எடுக்குறது நான்தான். ஜாதகத்தோட வந்த உங்க விலாசத்தப் பாத்ததுமே ஆளு தெரிஞ்சுபோச்சு. பதினேழு, பைன் தெரு, வாசல்ல பனி அள்ளலன்னு உங்க பக்கத்து வூட்டு டோரத்தி அம்மா மூணு குளிர்காலத்துல நாப்பத்தோரு தடவ கூப்பிட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவையும், 'பையன் தங்கம், நான் காய்ச்சல்ல கெடந்தப்ப பத்து நாள் மிளகு ரசம் வச்சுக் குடுத்தான், பனி மட்டுந்தான் அள்ள மாட்டேங்கிறான்'னுதான் முடிப்பாங்க. அதனாலதான் சம்மதம் சொன்னேன். நாப்பத்திரெண்டாவது புகார் வரக் கூடாது."