அண்ணன் பேருந்தின் குரல்

பணிமனையின் பின்பக்கத்தில் இரண்டு பழைய நகரப் பேருந்துகள் பல வருடங்களாக அருகருகே நின்றன. இளையதைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைக்க முடிவானது. கடைகளில் பாகங்கள் கிடைக்காததால், மெக்கானிக் தயாளன் மூத்ததிடமிருந்து கழற்றினார். முதலில் கண்ணாடிகள், பிறகு இருக்கைகள், அப்புறம் இன்ஜின்.

"வலிக்குதாண்ணே?" என்று ஒவ்வொரு முறையும் தம்பி கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. நீ மறுபடி ஓடணும், அது போதும்."

தம்பியின் ஹாரன் கரகரத்ததால், கடைசியாக அண்ணனின் ஹாரனையும் கழற்றினார்கள். அதன்பின் அண்ணனால் பேச முடியவில்லை.

மறுநாள் தம்பிக்கு மாலை போட்டு வெளியே ஓட்டினார்கள். அண்ணனின் வெறுங்கூட்டைப் பழைய இரும்புக்காரரின் லாரி இழுத்துக்கொண்டிருந்தது.

"போயிட்டு வரேண்ணே!" என்று தம்பி கூவியது. வந்தது அண்ணனின் குரல்.

"அப்படியே பழைய சத்தம்!" என்று பூரித்தார் தயாளன். கூட்டம் கை தட்டியது.