தமிழில்: ஜோதியம்மாள்

“‘தப்புப் பண்ணிட்டேன் தாயி, என்னை மன்னிச்சிடு’ங்கறான்” என்றார் ஜோதியம்மாள், டிவியைப் பார்த்தபடி.

பிரியதர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த இந்தி சீரியல் கதாநாயகன் உண்மையில் சொன்னது, “உங்கப்பனை ஜெயிலுக்கு அனுப்பினதே நான்தான். அடுத்தது நீ!”

மூக்கண்டப்பள்ளியில் ஜோதியம்மாளின் லைன் வீட்டுக்கு அவள் குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் நாக்பூரில் வளர்ந்தவள். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜோதியம்மாள் டிவி போடுவார். முதல் ஷிப்ட் முடித்த பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். தமிழ் சீரியலில் புடவை சரியில்லையாம், அதனால் இந்தி. அர்த்தம் சொல்வது ஜோதியம்மாள்.

“எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறான்?” பக்கத்து வீட்டுப் பொற்கொடி கேட்டாள்.

“கம்பெனியில பர்மனென்ட்டுன்னு சொல்லிக் கட்டிக்கிட்டான். பார்த்தா கான்ட்ராக்ட்டு.”

திரையில் கதாநாயகன் பட்டு ஷெர்வானி போட்டு, அரண்மனை மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

பிரியதர்ஷினி வாயைத் திறந்தாள். ஜோதியம்மாள் அதில் ஒரு போண்டாவைத் திணித்தார்.

மறுநாள் காலை குழாயடியில் பிரியதர்ஷினி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு இந்தி தெரியுமா, தெரியாதாம்மா?”

“‘நஹி’ன்னா இல்லை. அது ஒண்ணுதான் தெரியும் கண்ணு.” கூச்சமே இல்லை.

“அப்புறம் எதுக்கு இந்தப் புளுகு?”

ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினார். “பொற்கொடி ஊட்டுக்காரன் விஜயகுமார் அப்படித்தான் பொய் சொல்லிக் கட்டிக்கிட்டான். ரெண்டு மாசமா ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு அவ வாயே திறக்கல. அவனும் போன ஞாயித்துக்கிழமை ஊத்தங்கரைக்குப் போயி, மாமனார்கிட்ட உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டு வந்துட்டான். கன்னம் வீங்கியிருக்கே, பார்க்கல?”

“‘அவரை மன்னிச்சிடு’ன்னு அவங்ககிட்ட நேராச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ‘என் ஊட்டு விஷயத்துல தலையிடாதீங்க’ன்னுட்டா. ரோஷக்காரி. டிவிக்காரன் சொன்னாலாவது கேக்கட்டும்.”

“ஏற்கெனவே ஒரு பொய்யால ஏமாந்தவங்க. நீங்களும் ஏமாத்தறீங்க. நான் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லு கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்க.”

அன்று மாலை, கதாநாயகி வெள்ளி டம்ளரில் பால் ஊற்றினாள். மோதிரத்தைத் திறந்து அதில் எதையோ கொட்டினாள். “இன்றோடு நீ ஒழிந்தாய்” என்று இந்தியில் முணுமுணுத்தாள்.

“பாதாம் பவுடர்” என்றார் ஜோதியம்மாள்.

கதாநாயகன் குடித்தான்.

“‘பழசெல்லாம் போகட்டும், இனிமே பொய் மட்டும் சொல்லாதே’ங்கறா.”

கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வாயில் நுரை தள்ளியது.

“பாவம், சந்தோஷம் தாங்கல அவனுக்கு.”

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பொற்கொடி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரியதர்ஷினிக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விஜயகுமார் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“இன்னொரு களி உருண்டை வெக்கட்டுமா?” பொற்கொடி கேட்டாள்.

ரெண்டு மாதத்தில் முதல் பேச்சு. அவன் வாயில் போட்டதை விழுங்க மறந்து தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“மெல்ல மெல்லு. எங்கப்பா கை கொஞ்சம் கனம்தான்.”

அவள் தண்ணீர் எடுக்க வாசல் குடத்துக்கு வந்தாள். பிரியதர்ஷினி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அக்கா, நீங்க ஏமாறக் கூடாது. எனக்கு இந்தி தெரியும். அந்தச் சீரியல்ல யாரும் யாரையும் மன்னிக்கவே இல்ல. அது பாதாம் இல்ல, விஷம்! ஜோதியம்மாவுக்கு இந்தி சுத்தமாத் தெரியாது. எல்லாம் அவங்களாச் சொல்ற கதை!”

பொற்கொடி பதறிப்போய் ஜோதியம்மாள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“மெதுவாப் பேசு. அந்தம்மா காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்” என்றாள், சுத்தமான இந்தியில்.